எவர்சில்வர் டம்ளர் ஏன் சிமெண்ட் மாதிரி வருகிறது? – ஹைப்பர் ரியலிச ஸ்டில் லைஃப்

நெல்லைத்தூரிகை:
வணக்கம். ஹைப்பர் ரியலிச பாணியில் (நிஜப் பொருளே போல் துல்லியமாக) ஒரு ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள் ஓவியம்) வரைகிறேன்: டம்ளர், டவரா செட். எண்ணெய் வண்ணம், 30×40 செ.மீ. கேன்வாஸ். குறிப்புப் படம் செல்போனில் அருகிலிருந்து எடுத்தது, ஜன்னல் வெளிச்சம், மேஜையில் வெள்ளைத் துணி. நிழலை மெல்ல ஏற்றி இறக்கி நன்றாகக் கலைத்தாயிற்று. ஆனாலும் உலோகமாகத் தெரியவில்லை, சிமெண்ட் உருளை மாதிரி நிற்கிறது. டம்ளரின் அடி வட்டமும் மேஜையில் உட்காராமல் சரிவது போல் இருக்கிறது. நிறங்கள்: டைட்டானியம் ஒயிட், ஐவரி பிளாக் மட்டும். எங்கே கோளாறு?

கரிக்கோல்:
"மெல்ல ஏற்றி இறக்கி" என்கிறீர்களே, வம்பே அங்கேதான். வெளிச்சம், இடைத்தொனி, நிழல் என்று படிப்படியாக இறங்குவது மண்பானைக்கும் முட்டைக்கும் உரியது. பாலிஷ் போட்ட எவர்சில்வருக்கு அப்படியொரு இறக்கம் கிடையாது. அது தன் நிறத்தைக் காட்டாது, எதிரில் இருப்பதைக் காட்டும். வெள்ளைப் பட்டையை ஒட்டியே கருப்புப் பட்டை வரும், நடுவே ஒரு மி.மீ. இடைத்தொனிகூட இருக்காது. நீங்கள் கலைத்துக் கலைத்து அந்த எல்லைகளையெல்லாம் அழித்துவிட்டீர்கள்.

எங்கே எது தெரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. உருளையின் பரப்பு நம் பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறதோ, அதைப் போல் இரு மடங்கு திரும்பிய திசையில் இருப்பதை அது காட்டும். 45 டிகிரி திரும்பிய இடத்தில் சரியாகப் பக்கவாட்டில் இருப்பது தெரியும். அந்த இடம் நடுக்கோட்டிலிருந்து ஆரத்தில் 0.7 பங்கு தூரத்தில் இருக்கிறது. ஆக டம்ளர் அகலத்தில் நடு 70 சதவீதம் உங்கள் பக்கம் இருப்பவை. டம்ளருக்குப் பின்னால் இருப்பது அத்தனையும் மீதி 30 சதவீதத்தில், பக்கத்துக்கு 15 என்று நசுங்கிக் கிடக்கும். விளிம்பை நெருங்க நெருங்கக் கோடுகள் மெலிந்து நெருக்கமாவது இதனால்தான். கடைசி விளிம்பில் தெரிவது பின்னணியின் நிறம். நீங்கள் சுற்றிவர இழுத்திருக்கும் கருப்புக் கோட்டை எடுத்துவிடுங்கள். பல இடங்களில் விளிம்பு பின்னணியோடு கரைந்துபோக வேண்டும்.

இது குறுக்குவாட்டுக் கணக்கு. மேல் கீழ்க் கணக்கு வேறு. 30 டிகிரி மேலிருந்து பார்த்தால் பார்வை டம்ளர் சுவரில் பட்டு அதே 30 டிகிரியில் கீழே போய் மேஜையில் இறங்கும். 10 செ.மீ. உயர டம்ளரின் உச்சியில் பட்ட பார்வைகூட சுமார் 17 செ.மீ. தூரத்துக்குள் மேஜையைத் தொட்டுவிடும். அதாவது உங்கள் டம்ளரின் வெளிச்சுவரில் ஜன்னல் விழவே விழாது, வெள்ளைத் துணிதான் முழுக்க விழும். அது சிமெண்டாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. ஜன்னல் தெரிவது சுருட்டிவிட்ட வாய் விளிம்பிலும் உட்சுவரிலும் மட்டும். பார்வையை 15 டிகிரிக்கு இறக்கினால் மேஜையில் 37 செ.மீ. வரை உள்ளே வரும். வாய் அகன்ற டம்ளர் என்றால் சுவர் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், தூரம் இன்னும் குறையும்.

லென்ஸ்காரர்:
கரிக்கோல் சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. தூரிகையைத் தொடுறதுக்கு முன்னாடியே மேஜை மேல வேலை முடிஞ்சிருக்கணும். கருப்பு சார்ட் அட்டையை 4 செ.மீ., 2 செ.மீ. பட்டைகளா வெட்டி, டம்ளருக்கு ரெண்டு பக்கமும் 10லேர்ந்து 15 செ.மீ. தள்ளி, ஃபிரேமுக்கு வெளியே நிக்க வைங்க. ஒரு பட்டையை நகர்த்தினா கருப்புக் கோடு எங்கே போகுதுன்னு பாருங்க. ஒரு பக்கம் அகலப் பட்டை, மறுபக்கம் மெல்லிசு. ரெண்டும் ஒரே அளவா இருந்தா பொம்மை மாதிரி ஆயிடும்.

அடி வட்டம் சரியற காரணம் செல்போனைக் கிட்ட வச்சு எடுத்தது. வட்டம் சாய்ந்து தெரியும்போது அதோட உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், பார்வைக் கோணத்தோட சைன் மதிப்பு. வாய்க்கு 30 டிகிரின்னா 0.5. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா 10 செ.மீ. டம்ளரோட அடிக்கு 33 டிகிரி, விகிதம் 0.55. அதையே 30 செ.மீ. கிட்டப் போய் எடுத்தா அடிக்கு 44 டிகிரி, விகிதம் 0.69. வாயோட உயரம் அகலத்துல பாதி, அடியோட உயரம் முக்காலுக்குக் கிட்ட. அதைச் சுவர்ல மாட்டி ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பார்த்தா எவன் கண்ணுக்கும் சரிஞ்சுதான் தெரியும். முழு ஃப்ரேம் கேமரால 85லேர்ந்து 100 மி.மீ. லென்ஸ், எஃப் 11 (லென்ஸ் துளை அளவு), டிரைபாட். செல்போன்தான்னா 3எக்ஸ் டெலி லென்ஸைப் போட்டுத் தள்ளி நில்லுங்க, விரலால பெருசாக்காதீங்க.

எக்ஸ்போஷர் மூணு எடுங்க (ஒரு ஸ்டாப்னா வெளிச்சத்துல ரெண்டு மடங்கு வித்தியாசம்): சரியானது ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் குறைச்சு ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட்டி ஒண்ணு. குறைச்சதுலதான் வெள்ளைப் புள்ளிக்குள்ள என்ன வடிவம் இருக்குன்னு தெரியும். கூட்டினதுலதான் கருப்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். மூணையும் ஹெச்டிஆர்னு ஒண்ணாச் சேர்க்காதீங்க, தனித்தனியாப் பிரிண்ட் போட்டுப் பக்கத்துல ஒட்டிக்குங்க. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற லென்ஸ் ஃபில்டர்) வாங்கலாமான்னு அடுத்துக் கேட்பீங்க. கண்ணாடி, தண்ணி, பிளாஸ்டிக் கவருக்கு உதவும். வெறும் உலோகத்துப் பளபளப்பை அது அனேகமாத் தொடாது.

குடந்தைவாத்தியார்:
இரண்டு பேரும் அறிவியல் வகுப்பே எடுத்துட்டீங்க. பெயிண்டுக்கு வருவோம் தம்பி.

வெயிலில் மின்னுற விளிம்புக்கும் மேஜைக்கடி இருட்டுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம் இருக்கும். ட்யூபில் இருக்கிற வெள்ளைக்கும் கருப்புக்கும் முப்பது நாப்பது மடங்குதான். அதனால வெள்ளையைச் சிக்கனமாச் செலவு பண்ணணும். கருப்பு ஒன்று, வெள்ளை பத்துன்னு படி வச்சுக்கோ. மேஜைத் துணியே ஒன்பதில் உட்கார்ந்திருந்தா மின்னலுக்கு (பளிச்னு மின்னுற புள்ளிக்கு) எங்கே இடம்? துணியை ஏழுக்கு இறக்கு. வாய் விளிம்பில் இரண்டு இடம், டவரா மடிப்பில் ஒரு இடம், அவ்வளவுதான் சுத்த வெள்ளை. மத்ததெல்லாம் எட்டரைக்குக் கீழே.

எவர்சில்வர் தன் மேல் விழுற வெளிச்சத்தில் 60 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பும். துணி ஒன்பதில் இருந்தாலே டம்ளருக்குள்ளே ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் தெரியும்; துணியை ஏழுக்கு இறக்கினா பிம்பமும் அதுக்கேத்த மாதிரி இறங்கணும். உள்பக்கத்தில் இரண்டு தடவை பட்டுத் திரும்பினா 36 சதவீதம், இன்னும் கீழே போகும். துணியையும் அதோட பிம்பத்தையும் ஒரே வெளிச்சத்தில் வரையறதுதான் நான் திருத்துற படங்களில் பாதிக்கு மேல் பார்க்கிற கோளாறு.

ஐவரி பிளாக்கை மூட்டைகட்டி வை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தா அதே அளவு இருட்டு வரும். நீலம் தூக்கினா குளிர்ச்சி, அம்பர் தூக்கினா சூடு. ஜன்னல் பக்கம் விழுற சாம்பல் நீலம் பக்கமாச் சாயணும், மரமும் தோலும் விழுற சாம்பல் பழுப்புப் பக்கமாச் சாயணும். வெறும் கருப்பு வெள்ளைச் சாம்பலில் இந்தச் சாய்வு இல்லை, சிமெண்ட் தெரியாம என்ன செய்யும்? ஒன்பது படிக்கும் பேலட் கத்தியால் முதல்லயே கலந்து வரிசையா வச்சுக்கோ. வெள்ளையில் இருட்டைத் துளித்துளியாச் சேர்க்கணும். இருட்டில் வெள்ளையைக் கொட்டினா ட்யூப் காலி. சரியா வந்ததான்னு பார்க்க, பிரிண்ட் மேல ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) விரிச்சு, அதில் பெயிண்டைத் தொட்டு வச்சுப் பாரு. புள்ளி காணாமப் போனா அதுதான் நிறம்.

டேப்லெட் திரையைப் பார்த்துக் கலக்காதே. திரை தானே ஒளி விடுது, கேன்வாஸ் விடாது.

வடமராட்சிநிறம்:
நல்ல இழை. எனக்கு ஒரு கேள்வி. நான் கீறுறது மூக்குப்பேணி (மூக்கு வைச்ச குடிக்கிற பாத்திரம்), பித்தளை. எவர்சில்வருக்குச் சொன்ன கணக்கிலயே மஞ்சளைக் கலந்தால் போதுமோ? எனக்கு அது எப்பவும் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரியே வருது.

கரிக்கோல்:
போதாது அக்கா. பிளாஸ்டிக்கின் மேல் விழும் மின்னல் விளக்கின் நிறத்திலேயே இருக்கும், பொருளின் நிறம் அடியில் தனியாக இருக்கும். பித்தளை தன்மேல் விழும் பிம்பத்தையே தன் நிறத்தில் தோய்த்துத்தான் திருப்பும், மின்னல் உட்பட. மஞ்சள் பரப்பில் சுத்த வெள்ளைப் புள்ளி வைத்தவுடன் அது பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. புகைப்படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிவது கேமரா நிரம்பி வழிந்ததால். எக்ஸ்போஷர் குறைத்த படத்தில் பாருங்கள், வெளிர் மஞ்சள்தான். டைட்டானியத்தில் துளி கேட்மியம் லெமன் சேருங்கள். வெள்ளைக்குப் பக்கமாகப் போவது பார்வை மிகச் சரிந்து விழும் விளிம்பில் மட்டும், அங்கே உலோகத்தின் நிறம் வெளிறும்.

மேலே நீல வானம் தெரிந்தால் பித்தளையில் அது நீலமாக வராது, பச்சை கலந்த மங்கல் சாம்பலாக வரும். நடுத்தொனிக்கு யெல்லோ ஆக்கர், ரா சியன்னா. இருட்டுக்கு ரா அம்பரில் கொஞ்சம் அல்ட்ராமரைன், ஆலிவ் பச்சை பக்கம் போகட்டும். ஆரஞ்சு எங்கே வரும் என்றால் பேணியின் உள்ளே. வெளிச்சம் உள்சுவர்களில் இரண்டு மூன்று முறை மோதும்போது ஒவ்வொரு மோதலிலும் நீலம் கழிந்துகொண்டே போகும். வெளியே எலுமிச்சை மஞ்சள், உள்ளே அடர் ஆரஞ்சு பழுப்பு. இந்த ஒரு வேறுபாடு சரியாக அமைந்தால் பாதிப் பித்தளை வந்துவிட்டது.

வடமராட்சிநிறம்:
உள்ளுக்குள்ள ஆரஞ்சு எண்டது எனக்குப் படவேயில்லை, நன்றி. பேணியின்ட வயிறு உருண்டையா இருக்கிறதால படம் எடுக்கிற ஆளும் அதுக்குள்ள விழுது. அதை அழிக்கிறதோ விடுறதோ?

லென்ஸ்காரர்:
அழிங்க. கருப்புத் துணியில லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னாடி தொங்கவிட்டா ஆள் போய், கருப்பு வரும். அந்தக் கருப்பே வயித்துக்கு உருட்சி குடுக்கும்.

கரிக்கோல்:
நான் விடச் சொல்வேன். நேர்ச் சுவர் டம்ளரில் ஆள் விழமாட்டார். செம்பு, கரண்டி, பேணி போன்ற உருண்டைகளில்தான் விழுவார், அதுவும் கட்டைவிரல் நகத்தின் அளவில். ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் 1612இல் வரைந்த, இப்போது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் படத்தில் பொன்முலாம் கோப்பையின் குமிழ்கள் பலவற்றில் தன் முகத்தைத் துளித்துளியாக வைத்திருக்கிறார். டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1628ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த வயலின் படத்தில் கண்ணாடி உருண்டைக்குள் ஓவியர் தன் படத்தாங்கியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த உருண்டையை விரலால் மறைத்துப் பாருங்கள், அறையே சுருங்கிவிடும். கருப்புத் துணி போட்ட பிம்பம் விளம்பரப் படத்துக்குச் சரி.

லென்ஸ்காரர்:
1612ல ஆள் கையில செல்போன் இல்லை சார். பேணிக்குள்ள டிரைபாடும் போனும் தெரிஞ்சா பார்க்கறவன் அதைத்தான் பார்ப்பான்.

குடந்தைவாத்தியார்:
அதையும் வரையறவங்க இருக்காங்க, சண்டை வேண்டாம். தம்பியோட கேன்வாஸுக்கு வருவோம்.

சாதாரணப் பருத்திக் கேன்வாஸில் நூல் மேடு மேல தூரிகை தத்தித் தத்திப் போகும், அரை மி.மீ. மின்னல் கோடு புள்ளிபுள்ளியா உடையும். 30×40க்கு 6 மி.மீ. எம்டிஎஃப் பலகை போதும், 3 மி.மீ. வளையும். முன்பக்கம் மட்டும் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) அடிச்சாலும் வளையும், பின்பக்கமும் நாலு ஓரமும் அடிக்கணும். ஜெஸ்ஸோவில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர், மெல்லிசா ஐந்து பூச்சு, ஒரு தடவை நெடுக்க, அடுத்த தடவை குறுக்க. நடுவில் 220 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 400. அதுக்கு மேல இழைச்சு வழவழன்னு ஆக்கினா எண்ணெய் பிடிக்காது, முதல் பூச்சே துணியோடு வந்துடும்.

கோட்டைப் பென்சிலில் அழுத்திப் போடாதே. எண்ணெய்ப் பூச்சு வருஷம் போகப்போகக் கொஞ்சம் கண்ணாடித்தன்மை அடையும், வெளிர் நிறத்துக்கு அடியில் கிராஃபைட் எட்டிப்பார்க்கும். பிரிண்டுக்குப் பின்னால் பர்ன்ட் சியன்னா எண்ணெய் வண்ணத்தை மெல்லிசாத் தேய்ச்சு, துணியால் துடைச்சுட்டு, மேலே பால்பாயிண்ட்டில் இழு. அந்தக் கோடு பெயிண்டோடு கலந்துடும்.

நெல்லைத்தூரிகை:
எல்லோருக்கும் நன்றி. பூச்சு வரிசை எப்படி வைப்பது சார்? இப்போது பர்ன்ட் அம்பர் இருக்கும் இருட்டுகள் காய்ந்ததும் வெளுத்து, மேட் ஆகி (பளபளப்பு போய்) தெரிகின்றன. மெலிக்க வீட்டில் ஹார்டுவேர் கடை டர்ப்பன்டைன்தான் இருக்கிறது.

குடந்தைவாத்தியார்:
ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் மினரல் டர்ப்பன்டைன். தூரிகை கழுவ வச்சுக்கோ, படத்துக்கு ஓவியப் பொருள் கடையில் வாசனை குறைந்த தின்னர் வாங்கு. கதவுக்கு அடிக்கிற டபுள் பாயில்ட் லின்சீட் (ஆளிவிதை) ஆயிலும் வேண்டாம், உலோக உலர்த்திகள் கலந்தது, சுருங்கி மஞ்சளாகும். யாரோ எங்கேயோ தேங்காய் எண்ணெய் ஊத்தலாம்னு எழுதியிருக்கான். அது ஜென்மத்துக்கும் காயாது.

முதல் பூச்சு நடுச் சாம்பல், ஐந்தாம் படி, தின்னர் மட்டும் கலந்து பலகை முழுக்க. வெள்ளைப் பலகையில் எந்தச் சாம்பலும் இருட்டாத் தெரியும், கண் ஏமாறும். இரண்டாவது, பட்டைகளை வடிவம் வடிவமா அடைக்கிறது. நாலாம் நம்பர் தட்டைத் தூரிகை, ஒவ்வொரு வடிவமும் ஒரே நிறம், கலைக்கவே கூடாது. இந்தக் கட்டத்தில் அறைக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தா எவர்சில்வர்னு தெரியணும். தெரியலைன்னா மேலே போகாதே, படி தப்பு. மூணாவது பூச்சில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து எல்லைகளைப் பிரி: வெட்டு எல்லை, மெத்து எல்லை, கரையுற எல்லை. மெத்து எல்லைக்கு மட்டும் காய்ந்த மென்தூரிகையால் இரண்டே தடவை, எல்லையின் போக்கிலேயே. கடைசியா ஸீரோ நம்பர் செயற்கை இழைத் தூரிகையில் மின்னல், கீறல், தூசி. மின்னல் வெள்ளையில் எண்ணெய் சேர்க்காதே, ட்யூபிலிருந்து வந்தபடி வை. ட்யூபில் ஜிங்க் ஒயிட் கலந்திருக்கான்னு லேபிளைப் படி, ஜிங்க் நாளாக ஆக நொறுங்கி வெடிக்கும்.

மேட் ஆனதுக்குப் பெயர் எண்ணெய் உள்வாங்கல். அம்பரில் அதிகம் வரும். அடிப்பூச்சு எண்ணெயைக் குடிச்சுடுது. நல்லாக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயும் தின்னரும் சரிபாதி கலந்து, நூல் பிரியாத துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தேய்ச்சு, உடனே சுத்தமாத் துடைச்செடு. மிச்சம் நின்னா மஞ்சள் படியும். துடைச்ச துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதே. லின்சீட் காயும்போது சூடு விடும், துணிக் குவியல் தானாத் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவிடு, இல்லைன்னா தண்ணியில் முக்கிவை.

கரிக்கோல்:
டவராவின் அடித்தட்டில் இயந்திரம் சுற்றிய வட்டக் கீறல்கள் இருக்கும், அதைக் கவனியுங்கள். கீறலுக்குக் குறுக்கேதான் வெளிச்சம் பரவும். கீறல் வட்டமாக இருந்தால் மின்னல் நடுவிலிருந்து இரு பக்கமும் விசிறியாக விரியும். டம்ளரின் மேட் பட்டையில் கீறல் படுக்கைவாட்டில் ஓடும், அங்கே மின்னல் நெடுக்காக இழுபடும். கீறல்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. விசிறியைச் சரியாக வைத்து அதன் ஓரத்தில் ஆறேழு கீறல் இழுத்தால் கண் மீதியைத் தானே போட்டுக்கொள்ளும்.

பென்சில்பிரியா:
கலர் பென்சில்ல இதைச் செய்ய முடியுமா? மார்செல்லோ பரெங்கின்னு ஒரு ஓவியரோட வீடியோவில சிப்ஸ் பாக்கெட், நாணயம்லாம் அப்படியே எடுக்குற மாதிரி இருக்கே.

லென்ஸ்காரர்:
முடியும்ங்க. அதுல பாதி வேலை ஆல்கஹால் மார்க்கர் செய்யுது: அடித்தொனி மார்க்கர்ல, மேலே பென்சில். வெள்ளைத்தாளை விட நடுச் சாம்பல் தாள் எடுங்க, வாத்தியார் சொன்ன ஐந்தாம் படி இலவசமாக் கிடைச்சுடும். மெழுகுப் பென்சில்ல அடர் இருட்டு போட்டா சில வாரத்துல வெள்ளையாப் பூக்கும், துணியால லேசாத் துடைச்சு ஃபிக்சடிவ் (நிறத்தைப் பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே) அடிங்க. எண்ணெய் அடிப்படைப் பென்சில்ல அந்தத் தொல்லை அனேகமா இல்லை. மின்னலுக்கு வெள்ளைப் பென்சில் போதாது, வெள்ளை குவாஷ் (அடியை மறைக்கிற வாட்டர்கலர்) இல்லைன்னா ஜெல் பேனா.

பார்வையாளன்77:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு செய்வதற்கு அந்தப் புகைப்படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டலாமே?

கரிக்கோல்:
இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். அமெரிக்க ஓவியர் ரால்ஃப் கோயிங்ஸ் உணவகத்துக் கெச்சப் பாட்டில்களை வரைந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். மேலே பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள்: துணியை ஏழுக்கு இறக்கினோம், விளிம்பைக் கரைத்தோம், மூன்று எக்ஸ்போஷரிலிருந்து மூன்று பகுதிகளை எடுத்தோம், மின்னலை மூன்று இடத்தில் மட்டும் வைத்தோம். இத்தனையும் சேர்ந்த புகைப்படம் ஒன்றுமே இல்லை. பிரசல்ஸ் காட்சிக்கூடக்காரர் இஸி பிராஷோ 1973இல் தன் கண்காட்சிக்கு 'ஹைப்பர் ரியலிசம்' என்று பெயரிட்டது அமெரிக்க ஃபோட்டோ ரியலிஸ்டுகளையும் (புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர்கள்) சேர்த்துத்தான். புகைப்படத்தை அப்படியே பின்பற்றாமல் தாண்டிப் போகும் வேலைக்கு அந்தப் பெயர் பிற்பாடு நிலைத்தது. நம் பாத்திரக்கடை எவர்சில்வரையே இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா சுவர் அளவு எண்ணெய் ஓவியங்களாக வரைந்திருக்கிறார். பக்கத்தில் போனால் பட்டையும் திட்டும்தான், தள்ளி வந்தால் பாத்திரம்.

பார்வையாளன்77:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிப்ஸ் பாக்கெட் வரைபவர்கள் பாதிப் பேர் புகைப்படத்தை அப்படியேதான் எடுக்கிறார்கள்.

குடந்தைவாத்தியார்:
அதுவும் உண்மைதான். கை பழக அது நல்ல பயிற்சி, மாட்டி வச்சுப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நெல்லைத்தூரிகை:
கடைசியாக ஒன்று. வார்னிஷ் எப்போது அடிப்பது? பளபளப்பா, மேட்டா?

குடந்தைவாத்தியார்:
மெல்லிய பூச்சுன்னா ஆறு மாசம், தடிமன் இருந்தா ஒரு வருஷம். நகத்தால் அழுத்தினா பள்ளம் விழக்கூடாது. அதுக்குள்ள காட்சிக்கு வைக்கணும்னா ரீடச் வார்னிஷ் (தற்காலிக வார்னிஷ்) மெல்லிசா ஒரு பூச்சு. மேட் வார்னிஷ் வேண்டாம், கருப்பை ஒரு படி தூக்கிடும், இத்தனை நேரம் சிக்கனம் பண்ணினதெல்லாம் வீண். முழு கிளாஸ் அடிச்சா எதிர் ஜன்னல் படத்துக்குள்ள விழும். அதனால் சாட்டின் (இரண்டுக்கும் நடுவான பளபளப்பு). ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்காதே, ஈரக்காற்றில் வெள்ளை வெள்ளையாப் பூத்துடும். பங்குனி வரைக்கும் பொறு.